அணைச்சுப்போடு சாரும் ஒரு டேப்லெட்டும்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மின்சாரக் கட்டண ரசீதில் அது தவறாமல் அச்சாகி வருகிறது. ஆனால் கடைத்தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுகிறவர் என்று சொல்லிப் பாருங்கள். "அட, அணைச்சுப்போடு சாரா? அந்த மாடிப்படிக்குக் கீழ போங்க" என்று கையைக் காட்டிவிடுவார்கள்.

பெயர் வந்த கதை பெரிய கதையில்லை. என்ன கோளாறு என்று யார் போன் செய்தாலும் அவர் தரும் முதல் மருந்து ஒன்றுதான்: "ஒரு தடவ அணைச்சுட்டுப் போடுங்க." திரை உறைந்துபோனாலும் அதே, பிரிண்டர் முறைத்துக்கொண்டு நின்றாலும் அதே. முக்கால்வாசி நோய் அதிலேயே குணமாகிவிடும். குணமாகாத மீதிக்குத்தான் தோள்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். ஆனால் நம் மொழி இருக்கிறதே, அதில் விளக்கையும் அணைக்கலாம், ஆளையும் அணைக்கலாம். நாற்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகாத ஒரு மனிதர் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊராரை அணைக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் டீக்கடை சும்மா இருக்குமா? "ஊருக்கெல்லாம் சொல்றீங்களே சார், நீங்க எப்ப..." என்று யாராவது இழுப்பார்கள். அவர் பாதி டீயோடு எழுந்து போய்விடுவார்.

கல்யாணத்துக்கு முயற்சி நடக்காமல் இல்லை. அம்மா அப்பா இல்லாத தம்பி என்று அவருடைய அக்கா அலையாத அலைச்சல் அலைந்தாள். ஒரு தடவை ஒரு வீட்டுக்குக் கையோடு கூட்டிக்கொண்டும் போனாள். போய் உட்கார்ந்ததும் அந்த வீட்டு மூலையில் இருந்த கம்ப்யூட்டர் காற்றாடி கரகரவென்று சத்தம் போட்டது. இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெண் வந்து உட்கார்ந்தபோது இவர் மேஜைக்கு அடியில் இருந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்கள் மட்டும். அந்த வீட்டார் நல்லவர்கள். டீ கொடுத்து, நன்றி சொல்லி, "சர்வீஸுக்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டு அனுப்பினார்கள். அத்தோடு அக்கா அந்த வேலையை ஏறக்கட்டிவிட்டாள்.

அவர் கடைக்கு நேர் எதிரே ஒரு மொபைல் கடை. அதன் முதலாளிக்குக் கண்ணாடி என்று பட்டப்பெயர். கடைக்குள் வரும் எந்தப் போனையும் மேலே ஒரு கண்ணாடி ஒட்டாமல் வெளியே விடமாட்டான். ஒட்டியிருந்தால் அதன்மேல் இன்னொன்று ஒட்டுவான். சமீப காலமாக டேப்லெட் விற்கவும் ஆரம்பித்திருந்தான். இருவரும் டீக்கடையில் சந்தித்துக்கொண்டால் போதும், மற்றவர்களுக்கு இன்னொரு டீ சொல்லத் தோன்றும்.

"அண்ணே, எழுதி வச்சுக்குங்க. இன்னும் கொஞ்ச வருஷத்துல உங்க பெட்டியெல்லாம் காயலாங்கடைக்குத்தான். எல்லாமே டேப்லெட்டுதான். விரலால தடவுனா வேலை முடிஞ்சுது."

"தடவுனா முடியறதுக்கு அது என்ன தைலமா? உக்காந்து செய்யற வேலைக்கு உக்காந்திருக்கற மிஷின்தான் வேணும்."

"இப்பல்லாம் யாருண்ணே உக்கார்றா?"

"நீதான் காலையில இருந்து உக்காந்திருக்க."

கேட்பவர்கள் சிரிப்பார்கள். தொழில் போய்விடும் என்ற பயத்தில் பேசுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதுதான் இல்லை. தன் கடைக்கு வரும் பெரியவர்களிடம் அவரே, "படம் பாக்கவும் பேரன்கூடப் பேசவும் உங்களுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி? எதிர்க்கடையில ஒரு டேப்லெட் வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்புகிறவர். கண்ணாடியின் பாதி வியாபாரம் இவர் அனுப்பிய ஆட்கள்தான். அப்படிப்பட்டவர் டீக்கடையில் மட்டும் கம்ப்யூட்டருக்காகக் கச்சை கட்டிக்கொண்டு நின்றதற்குக் காரணம் ஊரிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களும் அல்ல. ஒரே ஒரு கம்ப்யூட்டர். அது அடுத்த தெருவில், திரைச்சீலை தைக்கும் கடையில் இருந்தது.

அந்தக் கடையை இரண்டு சகோதரிகள் நடத்துகிறார்கள். தங்கை தையல் மிஷினில் இருப்பாள், வாய் கொஞ்சம் துடுக்கு. அக்காதான் முதலாளி. கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. துணி வாங்குவது, பில் போடுவது, வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் அவர்தான். கடை முழுக்கத் துணிச் சுருள்கள். அந்தச் சுருள்களுக்கு நடுவே, வெளிச்சம் எட்டாத மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். வெட்டுகிற துணியின் பிசிரெல்லாம் காற்றாடி வழியாக உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். பெட்டி சூடாகும், மூச்சுத் திணறி நின்றுவிடும். உடனே அணைச்சுப்போடு சாருக்குப் போன் வரும்.

அவர் போய், பெட்டியைத் திறந்து, பெயிண்ட் பிரஷ்ஷால் பூப்போலத் தூசி தட்டுவார். அந்த அம்மாள் டீ வைப்பார், ஆறாமல் இருக்க மேலே ஒரு தட்டு மூடி வைப்பார். இருவரும் பேசிக்கொள்வது இவ்வளவுதான்:

"ரொம்பச் சூடா இருக்கு சார்."

"இருக்கும் மேடம். வெயில் வேற."

"இன்னும் எவ்வளவு நாள் ஓடும் சார்?"

"அதுக்கென்ன மேடம், நல்லா ஓடும்."

ஓடாது. ஓட முடியாத அளவுக்குக் கிழடு தட்டிய மிஷின் அது. வேறொரு கடையில் இருந்திருந்தால் பல வருஷங்களுக்கு முன்பே எடைக்குப் போடச் சொல்லியிருப்பார். இதற்கு மட்டும் எங்கெங்கோ அலைந்து, யார் யாரோ தூக்கிப்போட்ட பெட்டிகளிலிருந்து உறுப்புகளைப் பிடுங்கி வந்து பொருத்தி உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் அது கண்ணை மூடிவிட்டால் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைக்க அவருக்கு வேறு காரணம் கிடையாது. திரைச்சீலை தைக்கக் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுக்காமலா இருப்பார்? மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அவர் கடையில் ஜன்னலே இல்லை. அதனால் தான் தங்கியிருக்கும் அக்கா வீட்டுக்குத் தைத்தார். ஜன்னலெல்லாம் முடிந்து, கதவுகள் முடிந்து, கடைசியில் சமையலறை அலமாரிக்கும் திரை வந்துவிட்டது. "சர்க்கரை டப்பாவுக்கு எதுக்குடா திரை, அது என்ன நாடகமா போடப்போகுது?" என்று அக்கா கேட்டபிறகு அந்த வழியும் அடைந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தங்கை கண்ணாடியின் கடைக்குப் போய் ஒரு டேப்லெட் வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் வாயில் அது டேப்பு ஆயிற்று. "டேப்பை எடுக்கா, டேப்புல பாருக்கா" என்று கடை முழுக்க டேப்புதான். வந்த வேகத்தில் துணிப் படங்களெல்லாம் அதில் ஏறின, பில்லும் அதிலேயே போட்டார்கள். கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டுத் துணியைப் போர்த்திவிட்டார்கள். ஓடாத மிஷின் சூடாகுமா? சூடாகாத மிஷினுக்கு ஆள் கூப்பிடுவார்களா? அவர் போன் ஊமையாகிவிட்டது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தத் தெரு வழியாகப் போகவேண்டிய வேலைகளாகத் தேடித் தேடிச் செய்தார். ஸ்க்ரூ வாங்கக்கூட அந்தப் பக்கம் சுற்றிப் போனார். போகும்போது உள்ளே எட்டிப் பார்ப்பார். அந்த அம்மாள் வாசல் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு டேப்லெட்டில் துணியைக் காட்டிக்கொண்டிருப்பார். தலை நிமிர்ந்து, "வாங்க சார்" என்பார். "சும்மா இந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டு இவர் நடையைக் கட்டுவார். டீக்கடையில் டேப்லெட்டைப் பற்றி அவர் பேசிய பேச்சு அந்த வாரம் கேட்கச் சகிக்கவில்லை.

ஒரு நாள் டீக்கடையில் கச்சேரி உச்சத்தில் இருக்கும்போது அவர் போன் அடித்தது. ஊரார் மிஷினையெல்லாம் சரி செய்கிறவரின் போனில் காதில் வைத்துக் கேட்கும் ஸ்பீக்கர் செத்து வெகு காலமாகிறது. எந்த அழைப்பு வந்தாலும் சத்தமாகத்தான் பேசவேண்டும். திரையைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். சுற்றியிருப்பவர்கள் மறந்துபோனார்கள்.

"சொல்லுங்க மேடம், சொல்லுங்க!"

"சார், அணைக்கவே வரமாட்டேங்குது."

டீக்கடையில் ஒரு டம்ளர் அசையவில்லை.

"எது மேடம்?"

"டேப்புதான் சார். அணைக்கிறேன், தூங்கிடுது. முழுசா அணையவே மாட்டேங்குது."

"தொட்டுட்டு எடுத்தா தூங்கத்தான் செய்யும் மேடம். ஓரத்துல இருக்கறதை நல்லா அமுக்கிப் புடிச்சுக்கணும்."

"புடிச்சுட்டுத்தான் சார் இருக்கேன்."

"விட்றாதீங்க. அவசரப்படக்கூடாது."

"விரல் வலிக்குது சார்."

"பொறுத்துக்குங்க மேடம். இன்னும் கொஞ்ச நேரம்தான்."

"ஆங், ஆயிடுச்சு! அணைச்சுட்டேன் சார்!"

"அப்படித்தான்! எதுவானாலும் என்னைக் கூப்பிடுங்க மேடம், எத்தனை தடவ வேணும்னாலும்..."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி பெஞ்சில் மல்லாந்து கிடந்தான். டீ ஆற்றுகிறவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிப்பதற்குச் சத்தம் வராமல் சிலர் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் அசடு வழிந்தது. டீயைக் குடிக்காமலே இடத்தைக் காலி செய்தார்.

அவர் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"யாருடா அது?"

"எது?"

"போன்ல யாரையோ அணைக்கச் சொன்னியாமே. ஊரே சிரிக்குது."

"ஐயோ அக்கா, அது டேப்லெட்டு!"

"மாத்திரையை எதுக்குடா அணைக்கணும்? தண்ணிய ஊத்தி முழுங்க வேண்டியதுதானே?"

அது மாத்திரை இல்லை, சிலேட்டு மாதிரி ஒரு மிஷின் என்று அவர் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துக் கொட்டியது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், சமையலறை அலமாரியையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இத்தனை திரையும் அந்தக் கடைதானே?"

அவர் எந்தத் திரையையும் பார்க்காமல் தோள்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நான் போய்ப் பேசிட்டு வரேன்."

"அக்கா, உன் கால்ல விழறேன், போகாத."

"ஏன், பிடிக்கலையா?"

"பிடிக்காமலா..." என்று ஆரம்பித்தவர், இவ்வளவு தூரம் வந்தபிறகு மறைக்க என்ன இருக்கிறது என்று, "ரொம்பப் பிடிச்சிருக்குக்கா. என்ன செய்யறதுன்னு தெரியல" என்று சொல்லிவிட்டார். "மிஷின் ரிப்பேர்னு போவேன், உக்காருவேன். இப்ப அந்த மிஷினும் போயிடும்போல இருக்கு. அப்புறம் என்ன சொல்லிட்டு அங்க போவேன்?"

"ஆம்பளையா லட்சணமா மனசுல இருக்கறதைச் சொல்லிட்டுப் போ."

"எனக்கு வராதுக்கா."

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தம்பியைச் சாப்பிட உட்காரவைத்து, தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகவே வைத்தாள். அந்தக் கடைக்குப் போகமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தாள், அரைமனதாக.

அதற்கடுத்த வாரம் அந்த அம்மாளிடமிருந்தே போன் வந்தது. கடைக்கு ஒரு நடை வரமுடியுமா, ஒரு முடிவு எடுக்கவேண்டியிருக்கிறது என்றார். விஷயம் இதுதான். பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொண்டு இன்னொரு டேப்லெட் தருவதாகக் கண்ணாடி சொல்லியிருக்கிறான். கடையில் ஒன்று, கையில் ஒன்று வைத்துக்கொள்ளலாமாம். தங்கைக்குச் சம்மதம். அக்காதான், "அணைச்சு... அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி?" என்று நிறுத்தி வைத்திருந்தார்.

அவர் போகும்போதே மனதுக்குள் ஆயுதங்களைத் தீட்டிக்கொண்டு போனார். அந்த டேப்லெட்டை நார் நாராகக் கிழித்துவிடுவது, அந்த மூலையில் இருக்கும் கிழத்தை இன்னும் பத்து வருஷம் உட்காரவைப்பது என்ற தீர்மானம். அவருடைய ஒரு சொல் போதும். அதை அவர் நன்றாகவே அறிவார்.

"பில்லெல்லாம் இதுல சரியா வராதே மேடம்."

"எல்லாம் ஏத்தியாச்சு சார். போன மாசக் கணக்குகூட இதுலதான் பாத்தேன்."

"தூசி போய் அடைச்சுக்கிச்சுன்னா கஷ்டம்."

தங்கை மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "இதுலதான் காத்தாடியே இல்லையே சார். தூசி எங்க போய் அடைக்கும்?"

"வெளிச்சத்துல கண்ணு கூசும்."

"இருட்டுல இருக்கறதுக்கு அதுவே தேவலை சார்," என்றாள் தங்கை. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போய்த் தொலைந்தது. தையல் மிஷின் நின்றது, காற்றாடி நின்றது, மூலை இன்னும் இருட்டாகிவிட்டது. டேப்லெட் மட்டும் அந்த அம்மாளின் மடியில் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் அந்த அம்மாளின் முகம் தெரிந்தது. இத்தனை காலம் போய் வந்தும் அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நிதானமாக அவர் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் மூலையில் திரும்பி உட்கார்ந்திருந்த முதுகைத்தான்.

"ஒண்ணு சொல்லவா சார்? இத்தனை வருஷமா அந்த மூலையிலேயே உக்காந்துட்டேன். தெருவுல மழை பெய்யுதா வெயிலான்னுகூட உள்ள வர்றவங்க சொன்னாத்தான் தெரியும். இப்ப வாசல்கிட்ட உக்கார்றேன். நல்லா இருக்கு." அவர் கொஞ்சம் தயங்கினார். "ஆனா நீங்க பழசுதான் நல்லதுன்னு சொன்னா அதையே வச்சுக்கறேன். இத்தனை நாள் நீங்க சொல்லித்தான் எல்லாம் நடந்திருக்கு."

பாவி மனுஷன் என்ன செய்வார்? "பழசையே வச்சுக்குங்க" என்ற இரண்டு வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. சொன்னால் அடுத்த வாரமே தூசி அடைக்கும், போன் வரும், தட்டு மூடிய டீ வரும். அந்த அம்மாள் மறுபடி அந்த இருட்டு மூலைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். அந்த முதுகை நினைத்ததும் அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"மாத்திடுங்க மேடம்," என்றார். "உங்க வேலைக்கு இதுதான் சரி. அந்தப் பழசை நான் எப்பவோ தூக்கிப் போடச் சொல்லியிருக்கணும்."

"ஏன் சார் சொல்லல?"

"தோணல மேடம்."

தங்கை என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். அவர் தோள்பையை மாட்டிக்கொண்டு, டீ வருவதற்குள் வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் கண்ணாடி அந்தப் பெட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தான். தன் கடை வாசலில் நின்று அவர் அதைப் பார்த்தார். அதற்குள் இருந்த ஒவ்வொரு உறுப்பும் அவர் தேடிப் பிடித்து வைத்தது. டீக்கடையில் கண்ணாடி கேட்டான், "என்னண்ணே, இப்பவாவது ஒத்துக்கிறீங்களா? டேப்லெட் வந்து கம்ப்யூட்டரை ஓரங்கட்டிடும்தானே?"

"உக்காந்து செய்யற வேலைக்குக் கம்ப்யூட்டர், எழுந்து நடக்கற வேலைக்கு டேப்லெட். யாரு எந்த வேலை செய்யறாங்களோ அதுக்குத் தகுந்தது இருக்கும். போதுமா? ஆளை விடு."

அவர் இவ்வளவு அமைதியாகப் பேசியதைக் கேட்டுக் கண்ணாடிக்கே சப்பென்று ஆகிவிட்டது. "உடம்பு சரியில்லையாண்ணே?" என்று கேட்டு, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தான்.

பிறகு ஒரு காலைப் பொழுதில் அவர் ஒரு லேப்டாப்பைக் கவிழ்த்துப்போட்டு ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சார், டேப்புல ஒரு சின்னப் பிரச்சினை. ஒரு ஆளா என்னால முடியல. கொஞ்சம் வரமுடியுமா?"

கண்ணாடி விற்ற சரக்கு, புட்டுக்கொண்டுவிட்டது! திரை விரிசலா, பேட்டரி உப்பிவிட்டதா? எதுவாக இருந்தாலும் சந்தோஷம்தான். டேப்லெட்டைத் திறக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவர்கள், சூடேற்றும் துப்பாக்கி, பசை, பூதக்கண்ணாடி என்று கடையில் இருந்த பாதியைப் பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார். டேப்லெட் ஸ்டூல் மேல் ஒரு குறையும் இல்லாமல் ஜோராக எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் இன்னொரு டேப்பை நீட்டினார். இரும்பில் செய்த, இழுத்தால் நீளுகிற, அளவெடுக்கும் டேப்பு.

"இதுல என்ன மேடம் பிரச்சினை?"

"இப்ப வீட்டுக்கே போய் ஜன்னலை அளந்து, துணியையும் காட்டிட்டு வரலாம்னு ஆரம்பிச்சிருக்கேன் சார். அவங்க எழுதிக் கொடுக்கற அளவு எப்பவும் தப்பு. ஆனா ஒரு முனையை நான் புடிச்சா இன்னொரு முனையைப் புடிக்க ஆளில்ல."

"தங்கச்சி?"

"எனக்குத் தைக்கற வேலை தலைக்கு மேல கிடக்கு," என்று தங்கை மிஷினைப் படுவேகமாக ஓட்டினாள். ஊசியில் நூலே கோர்த்திருக்கவில்லை.

வீட்டு ஜன்னலை ஒரே ஆள் அளக்க முடியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தாராளமாக அளக்கலாம். ஊரில் தச்சரெல்லாம் தனியாகத்தான் அளக்கிறார்கள். ஆனால் அதை அவர் கேட்கவில்லை. சூடேற்றும் துப்பாக்கியோடு இருந்த பையை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, "எப்ப போகணும் மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

அன்று போன வீடு பெரிய வீடு. வீட்டுக்கார அம்மாள் வாய் ஓயாமல் பேசுகிறவர். அணைச்சுப்போடு சார் ஏணியில் ஏறி டேப்பின் ஒரு முனையை ஜன்னலின் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டார், திரைச்சீலைக் கடை அம்மாள் இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டார். இருவர் கையும் டேப்பில் இருந்தால் எழுதுவது யார்? அதற்கும் சார் ஒரு வழி செய்திருந்தார். டேப்லெட்டைக் கடைக்கார அம்மாளுக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்து, வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும்படி தட்டிவிட்டிருந்தார். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வரி, பக்கத்தில் விலைக்கு ஒரு கட்டம். இவர் அந்தப் பக்கத்திலிருந்து உரக்கச் சொல்வார், அது எழுதும். சீலை என்று சொன்னால் சிலை என்று எழுதியதைத் தவிர வேறு குறையில்லை.

மூன்றாவது ஜன்னலை அளக்கும்போது தெருவில் ஒரு லாரி வந்து பின்பக்கமாகத் திரும்பியது. அந்த இரைச்சலில் ஏணிமேல் இருந்தவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கார அம்மாள் கடைக்கார அம்மாளின் காதருகே குனிந்து என்னவோ கேட்டதும், கடைக்கார அம்மாள் ஒரு நிமிஷம் ஏணிப்பக்கம் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஏதோ பதில் சொன்னதும் மட்டும் தெரிந்தது. டேப்பின் அந்த முனை லேசாக நடுங்கியது. காற்று அடிக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அளந்து முடிந்தது. சார் டேப்பின் முனையை விடாமல் ஏணியிலேயே நின்றார். அந்த அம்மாள் ஒரு கையில் டேப்போடு, மேஜைமேல் இருந்த டேப்லெட்டில் ஒவ்வொரு வரியிலும் விரலால் விலையைத் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது, முகம் சிவந்தது. அழிக்கப் போவதற்குள், "கொடுங்க பாப்போம்" என்று வீட்டுக்கார அம்மாள் டேப்லெட்டை எடுத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, உரக்கவே படித்தார்.

"கூடத்து ஜன்னல் ரெண்டு, அகலம் நாலரை. திரைச் சிலை பச்சை. சரி. படுக்கையறை ஜன்னல் ஒண்ணு, அகலம் அஞ்சு. சரி. அப்புறம்... உங்க வீட்டுக்காரரா, ஆமாம்மா." நிமிர்ந்து பார்த்தார். "எல்லாத்துக்கும் விலை போட்டிருக்கீங்க. இதுக்கு மட்டும் போடலையே?"

ஏணியில் இருந்தவருக்கு இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. கையிலிருந்த டேப்பு சர்ரென்று சுருண்டு ஓடிப் போய் அந்த அம்மாளின் கைக்குள் அடங்கியது.

அவர் அதை மூடிப் பிடித்துக்கொண்டு, ஏணிப்பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அது விக்கிறதுக்கு இல்லம்மா."